வாழ்நாள் என்றொரு பொய்: பழைய சொகுசுக் கார்களை முன்வைத்து

பழைய சொகுசுக் கார் வாங்குகிறவனைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் இரண்டு ஏளனங்கள் புழங்குகின்றன. அவன் போலிக் கௌரவத்துக்கு ஏங்கும் நடுத்தர வர்க்கத்தான் என்பது ஒன்று. யானையை வாங்கிவிட்டுத் தீனி போட வழியின்றித் திண்டாடுபவன் என்பது மற்றொன்று. இவற்றைச் சொல்லுகிறவர்கள் தம்மை நுகர்வியத்தின் எதிரிகளாகவே கருதிக்கொள்கிறார்கள். ஆனால், பத்தாண்டு ஓடிய காரைச் சீர்செய்து இன்னும் பத்தாண்டு ஓட்ட முயல்பவனைப் பார்த்துச் சிரிப்பது நுகர்வியத்துக்கு எதிரான செயலன்று. புதிதை விற்க நினைக்கும் நிறுவனத்தின் விருப்பமும் அந்தச் சிரிப்பும் ஒன்றே. இதை விரிவாகச் சொல்லவேண்டிய தேவை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

முதலில் விலையின் சூட்சுமம். புதிதாக 40 இலட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு ஜெர்மானிய செடான், பத்தாண்டு கழித்து ஒரு புதிய சிறிய காரின் விலைக்குக் கிடைக்கிறது. காரின் விலை விழுந்ததே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை விழவில்லை. அவை இன்னமும் 40 இலட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகங்களே. முதல் உரிமையாளர் உத்தரவாதக் காலம் முடிந்ததும் கைமாற்றிவிடுகிறார். தேய்மானத்தின் முழுச்சுமையும் இரண்டாமவர், மூன்றாமவர் தலையில் இறங்குகிறது. தயாரிப்பாளரின் கணக்கில் இந்த இரண்டாமவர் வாடிக்கையாளரே அல்லர். புதிய கார் விற்பனைக்கு அவர் ஓர் இடையூறு.

இந்தப் புறக்கணிப்பு ஒரு சொல்லில் அப்பட்டமாக வெளிப்படுகிறது. பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் பொருத்தப்பட்ட ஆறு வேகத் தானியங்கி கியர்பாக்ஸின் ஆயில், 'வாழ்நாள் முழுமைக்குமானது' என்று சொல்லப்பட்டது. மாற்றவே வேண்டாம் என்பது இதன் பொருள். ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. செய்தவன் மாற்றச் சொல்கிறான், விற்றவன் வேண்டாமென்கிறான். அப்படியாயின் 'வாழ்நாள்' என்பது எவருடைய வாழ்நாள்? உத்தரவாதக் காலத்தின் வாழ்நாள் என்பதைத் தவிர இதற்கு வேறு உரை எழுத நமக்குத் தெரியவில்லை. சொற்களின் பொருளைப் பற்றி ஓயாமல் பேசும் நம் கூட்டம், நாள்தோறும் சாலையில் ஓடும் இந்தச் சொல்லின் பொய்யைக் கண்டதில்லை.

அடுத்து, பூட்டுகள். எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்க்க ஒரு குச்சியும் துடைக்க ஒரு துணியும் போதும் என்றிருந்தது. பி.எம்.டபிள்யூவின் பல எஞ்சின்களில் அந்தக் குச்சி நீக்கப்பட்டு, திரை சொல்வதை நம்பவேண்டிய நிலை வந்தது. அதே நிறுவனத்தின் கார்களில் புதிய பேட்டரியைப் பொருத்தினால் மட்டும் போதாது. அதைக் காரின் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். இல்லையேல் நலிந்த பழைய பேட்டரிக்குரிய கணக்கிலேயே மின்னேற்றம் நடந்து, புதியதும் விரைவில் நலியும். இதற்குப் பொறியியல் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பதிவு செய்யும் கருவி ஊர்ப் பணிமனைக்கு எட்டாமல் இருப்பதற்கு என்ன பொறியியல் நியாயம் இருக்கிறது?

2007-இல் வந்த என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் பின்முனையில், கியர்பாக்ஸை ஒட்டி அமைக்கப்பட்டது. அது தேய்ந்து அறுந்த கார்கள் பல. அறுந்தால் எஞ்சினே பாழாகலாம். அறுவதற்கு முன் மாற்றலாம் என்றாலும் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ கீழே இறக்கியாகவேண்டும். 2002-இல் வெளிவந்த மெர்சிடிஸ் இ-கிளாஸின் மின்னணு பிரேக் அமைப்பிலோ, பிரேக் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்று எண்ணிவரும் ஒரு கணக்கே உள்ளே இருந்தது. வரம்பு தாண்டியதும் எச்சரிக்கை எழும். பெட்டியை முழுதாக மாற்றவேண்டும். 2004-இலும் 2005-இலும் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்த பிறகு, 2006-இல் இ-கிளாஸ் அந்த அமைப்பைக் கைவிட்டது. சொகுசு என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் இவையும் அடங்கும்.

இவையெல்லாம் கார் பைத்தியங்களின் புலம்பல் என்று ஒதுக்குவோர் கவனத்துக்கு: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்துச் சந்தையைச் சிதைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பி.எம்.டபிள்யூவும் மெர்சிடிஸும் மட்டுமல்ல, மாருதியும் டாடாவும் அப்பட்டியலில் இருந்தன. ஆகவே இது சொகுசுக்காரனின் தனித்துயரம் அன்று. ஊரில் ஒவ்வொருவருக்கும் நேர்வது, சொகுசுக் காரில் பூதக்கண்ணாடி வைத்தாற்போலத் தெரிகிறது, அவ்வளவே.

பழுதறிதல் என்பது ஓர் அறிவுத்துறை. ஸ்கேனரைச் செருகினால் ஒரு பிழை எண் வரும். அந்த எண் அறிகுறியைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 'கலவையில் எரிபொருள் குறைவு' என்று ஓர் எண் வந்தால், வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியே காற்று புகலாம். காற்றை அளக்கும் சென்சார் அழுக்கடைந்திருக்கலாம். எரிபொருள் பம்ப் சோர்ந்திருக்கலாம். எண்ணைப் பார்த்து உடனே சென்சாரை மாற்றுகிறவன் மெக்கானிக் அல்லன், விற்பனையாளன். பேட்டரி நலிந்த காரிலோ ஒரே நேரத்தில் பத்துப் பிழைகள் எரியும். ஏர்பேக், ஸ்டீயரிங், கியர்பாக்ஸ் என்று எல்லாமே கெட்டதாகக் கணினி அலறும். அறிந்தவன் முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுப்பான். எஞ்சின் அணைந்து ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் அளவில் இருக்கிறதா, ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டி ஏறுகிறதா என்று பார்த்த பின்பே மற்றவை.

நாம் அறிந்த ஒரு காரில் காற்று சஸ்பென்ஷன் ஒருபக்கம் இறங்கிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனை ஒன்று கம்ப்ரசரை மாற்றச் சொல்லி, அந்தக் காரின் சந்தை விலையில் கணிசமான பங்கைக் கேட்டது. தெருமுனை மெக்கானிக் ஒருவர் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, காற்றுப்பையில் குமிழி வரும் இடத்தைக் காட்டினார். கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றியிருந்தால், இடைவிடாது ஓடி அதுவும் கருகியிருக்கும். சிதைந்த சுவடியில் பாடத்தை நிறுவுவோர் செய்வதும் இதுதான்: கண்ணுக்குத் தெரியும் பிழையைத் திருத்துவதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது. பதிப்பாசிரியருக்கு நாம் எழுந்து நிற்கிறோம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்களின் குவியலிலிருந்து பொருந்தும் பாகத்தைப் பார்த்தே எடுத்துத் தருபவரை 'கரிக்கை' என்று கடந்துபோகிறோம். கையால் அறிவதை அறிவாக ஏற்காத நம் பழைய நோய்தான் இதுவும். அதன் வேர் சாதியில் இருக்கிறது என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

இதனால் சின்னத்துக்காக மட்டும் கார் வாங்குகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதவேண்டாம். பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்காமல், கைப்பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டு, ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போடுகிறவன் அந்தக் காரின் அடுத்த எதிரி. சர்வீஸ் பதிவு இல்லாத கார் எவ்வளவு பளபளத்தாலும் வாங்கத் தக்கதன்று. டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்த தடையை 2018-இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்ததை அடுத்து, அங்கிருந்து கார்கள் மலிவாகத் தென்னாட்டுக்கு வந்தன. தடையின்மைச் சான்று, மறுபதிவு, வாழ்நாள் வரி ஆகியவற்றைக் கூட்டினால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டவர் சிலரே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய், துடைக்கப்பட்டு, மீண்டும் விற்பனைக்கு வந்ததையும் சென்னை அறியும். சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு அங்கே தங்கியிருக்கக் கூடும். இருக்கைத் தண்டவாளத் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னணுப் பெட்டிக்குள் புகுந்த நீர் மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும்.

பழைய கார் நச்சுப்புகை கக்குகிறதே என்பார்கள். நியாயமான கேள்வி. புகைச் சோதனையிலிருந்து எந்தக் காருக்கும் விலக்கு கேட்பதற்கில்லை. சோதனையில் தோற்றால் அது சாலைக்கு வரக்கூடாது. ஆனால் சோதனையில் தேறும்படி காரை வைத்திருக்கத் தேவையான தகவலையும் பாகத்தையும் மறைத்துவிட்டு, 'பழையது, எறி' என்று சொல்வது சூழலியல் ஆகாது, அது வியாபாரம்.

வரப்போவது இன்னும் மோசம். காரிலேயே பொருத்தப்பட்டிருக்கும் இருக்கைச் சூடேற்றிக்கு மாதச் சந்தா கேட்கும் ஏற்பாட்டை பி.எம்.டபிள்யூ 2022-இல் சில நாடுகளில் கொண்டுவந்தது. எதிர்ப்புக்குப் பின் 2023-இல் அதைக் கைவிட்டது. எதிர்த்தால் பின்வாங்குவார்கள் என்பதற்கு அதுவே சான்று. நாம் கேட்பது மூன்று. பழுதுபார்க்கும் கையேடு அனைவருக்கும் கிடைக்கவேண்டும். பழுதறியும் மென்பொருள் நியாயமான விலையில் எந்தப் பணிமனைக்கும் விற்கப்படவேண்டும். உதிரிபாகம் எந்தக் கடையிலும் வாங்கும்படி இருக்கவேண்டும். பணத்தை முழுதாகக் கொடுத்துப் பதிவுப் புத்தகத்தில் பெயரும் ஏறிய பிறகு, பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை மட்டும் விற்றவனிடமே தங்கிவிடுமானால், அதற்குத் தமிழில் விற்பனை என்று பெயரில்லை. குத்தகை என்று பெயர்.