கல் கலந்த அரிசியும் கலப்பட எண்ணெயும்



தேர்தல் நெருங்கினாலே நம் கடைவீதியில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "நிற்கிறவங்கள்ல ஒருத்தர்கூட சரியில்லை அண்ணாச்சி. யாருக்குன்னு போட? அன்னிக்கு எப்படியும் கடை லீவுதானே, குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்."

இப்பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓட்டுக் கேட்க வரும்போது கல்லாப்பெட்டிக்கு முன் நின்று கும்பிட்டவர், வென்ற பிறகு சாக்கடை அடைப்பைப் பார்க்கக்கூட வருவதில்லை என்ற மனக்குறை நம் எல்லோருக்கும் உண்டு. ஆயினும் ஒன்றை யோசிப்போம். மண்டிக்குச் சுத்தமான சரக்கு வரும் வரை நாம் கடையைப் பூட்டி வைக்கிறோமா? மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். கல் எவ்வளவு, நொய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, விலையைக் குறைத்து எடுக்கிறோம். வேட்பாளரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

நாம் ஒதுங்கினால் தேர்தல் நின்றுவிடாது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 'நோட்டா' பொத்தான் வந்தது. வெறுப்பைப் பதிவு செய்ய அது உதவும். ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலிடம் பெற்றவர்தான் வெற்றி பெறுவார்.

1996-இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளைக் காட்ட மொத்தமாக மனுத் தாக்கல் செய்தனர். 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. நாடே திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் வென்றது பெரிய கட்சியின் வேட்பாளர்தான். அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்போரும் உண்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் வெற்றி தோல்வி முடிவானது. 2021-இல் வணிகர் நிறைந்த நம் தியாகராய நகர்த் தொகுதியில் வித்தியாசம் 137 வாக்குகள். ரங்கநாதன் தெருவில் சில கடைகளின் ஆட்களை எண்ணினாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

அப்படியானால் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்வதா? இல்லை. அரிசியில் கல் கிடந்தால் புடைத்துப் பொறுக்கிவிடலாம். 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்து விற்றதால் பலர் உயிரிழந்தார்கள். அதை எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. கல் வேறு, நஞ்சு வேறு.

பேச்சுத் திறமை இல்லை, நாம் விரும்பும் கட்சி இல்லை, நம் சமூகத்தார் இல்லை, ஒரு விஷயத்தில் நமக்கு எதிராக நின்றார் என்பவை கல். ஓட்டுக்குப் பணம் நீட்டுவதும், கடைக்காரரிடம் மாமூல் கேட்பதும், சாதி மதத்தைச் சொல்லி ஊரைப் பிரிப்பதும் நஞ்சு. எல்லா வீட்டாரும் படியேறும் கடை நம்முடையது. ஊர் பிரிந்தால் முதலில் ஷட்டர் இறங்குவது நமக்குத்தான். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம் என்பதை நாமும் மறக்கக் கூடாது.

எடை போடும் முறையையும் சொல்லிவிடுவோம்.

முதலாவது, பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் அனைத்தையும் வேட்பாளர் அதில் காட்டியாக வேண்டும். கடன் கேட்டு வருபவரின் பழைய கணக்கைப் பார்க்காமல் சரக்குக் கொடுப்போமா?

இரண்டாவது, அந்தப் பதவியால் ஆகக்கூடிய வேலை. ஜி.எஸ்.டி. விகிதத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கவுன்சிலர் சொன்னால் நம்பக் கூடாது, அது ஜி.எஸ்.டி. கவுன்சிலில் பேசப்படும் விஷயம். நகராட்சிக் கடை வாடகை, குப்பை, தெருவிளக்கு, சாக்கடை இவற்றில் என்ன செய்வார் என்று கேட்போம். உப்புக் கடையில் துணி கேட்டால் குற்றம் கடைக்காரருடையது அல்ல.

மூன்றாவது, வெல்லும் வாய்ப்பு. இதுதான் நமக்குக் கசப்பானது. நம்மவர் ஒருவர் சுயேச்சையாக நிற்கிறார், நல்லவர், ஆனால் கரையேற வழியில்லை என்றால், உறவுக்காகப் போடும் ஓட்டு நமக்கு ஆகாதவரையே கரையேற்றிவிடக் கூடும். முகத்தாட்சண்யம் பார்த்துக் கடன் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இப்படித் தேர்ந்தவருக்கு மாலை போட்டுக் கொண்டாட வேண்டியதில்லை. நாம் கொடுத்தது இனாம் அல்ல, கடன். சொன்ன வாக்கைத் தேதியோடு பேரேட்டில் எழுதி வைப்போம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் சென்று பாக்கியைக் கேட்போம். கணக்குத் தீராவிட்டால் அடுத்த தேர்தலில் கணக்கை முடிப்போம்.

நம் சங்கம் எக்கட்சியையும் சாராதது. இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்ல மாட்டோம். தராசு உங்கள் கையில் இருக்கிறது. குறை இல்லாதவரைத் தேடி வீட்டில் உட்கார வேண்டாம். பொறுக்கக்கூடிய குறை எது, பொறுக்கக் கூடாத குறை எது என்று பார்த்துத் தவறாமல் வாக்களிப்போம். குலதெய்வத்தை மறுநாள் கும்பிட்டாலும் அருள் குறையாது!