அடைக்கலம் தேடி வந்தவர் அளித்த கொடை

போருக்குப் பின் கடல் கடந்த மணப்பெண்கள் என்றதும் அமெரிக்கா சென்ற ஜப்பானியப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். ஹைதராபாத்துக்கும் அப்படி ஒருவர் வந்தார். முதல் உலகப் போரில் தோற்ற, துருக்கியின் உஸ்மானிய அரச குடும்பத்தின் கடைசிக் கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீதின் மகள் துர்ருஷெவார். 1924இல் குடும்பம் நாடு கடத்தப்பட்டபோது அவருக்கு வயது பத்து. 1931இல் பிரான்ஸின் நீஸ் நகரில் ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமின் மூத்த மகன் ஆஸம் ஜாவை மணந்து இங்கே வந்தார். உருது கற்றார், இரு மகன்களுக்குத் தாயானார், பெண் கல்வியை ஆதரித்தார். நகரின் புரானி ஹவேலி பகுதியில் அவர் பெயரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நாமோ அவருடைய அழகையும் நகைகளையுமே பேசிக்கொண்டிருக்கிறோம். நாடிழந்து வந்தவர் புகுந்த ஊருக்குச் செய்த நன்மையைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும். அகதிகளைச் சுமையாக எண்ணும் இக்காலத்துக்கு அது மிகவும் அவசியம்.