துப்பறியும் படங்களும் துப்பறியாத ஆய்வுகளும்

முன்னுரை

தமிழ்க் கொலைமர்மப் படங்களின் வரலாற்றை எழுதப் புகுவோருள் பலர் 1954ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாண்டில் ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாடலே இல்லாத அப்படம் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ (1950) காட்டிய கதைசொல்லும் முறையின் தாக்கத்தில் உருவானது என்றும், தமிழில் துப்பறியும் படம் என்னும் வகைமையே அதனால்தான் பிறந்தது என்றும் கூறுவது ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. ‘அந்த நாள்’ சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன்னோர் இல்லை என்பது பிழை. இப்பிழையைப் பேசும்படத்தின் முதல் இருபதாண்டுகள் குறித்த அறியாமை என்று மட்டும் கொள்வதற்கில்லை. எது இலக்கியம், எது ஆய்வுக்குரியது என்பது பற்றித் தமிழ்த்துறைகள் கொண்டுள்ள முன்முடிவின் விளைவு அது. சென்னையிலிருந்து நோக்குவதைக் காட்டிலும், பல மொழியினர் அடுத்தடுத்து வாழும் கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து நோக்கும்போது இம்முன்முடிவின் குறை நன்கு புலப்படும்.

மறக்கப்பட்ட முன்னோர்

தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து வந்தவற்றுள் பெரும்பாலானவை புராணப் படங்கள். அரசவை, மணிமுடி, வானுலகக் காட்சி ஆகியன இல்லாமல் படம் எடுக்க இயலாது என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. அதனை முதலில் உடைத்தவை, நாடக மேடையில் வெற்றிகண்ட குற்றக்கதைகளே. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்கப் படமாயிற்று. என்.எஸ். கிருஷ்ணன் திரையில் தோன்றிய முதற்படமும் அதுவே. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ அதே ஆண்டிலும் ‘சந்திரகாந்தா’ 1936இலும் படங்களாயின. பின்னதில்தான் பி.யு. சின்னப்பா அறிமுகமானார். வடுவூராரின் ‘பாலாமணி அல்லது பக்காத் திருடன்’ 1937இல் வந்தது. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எம்.என். நம்பியாரைப் பல மாறுவேடங்களில் தோன்றச் செய்து ‘திகம்பர சாமியார்’ படத்தை எடுத்தது. 1951இல் ‘மோகனசுந்தரம்’ வெளிவந்தது; ‘இராஜாம்பாள்’ இரண்டாம் முறையும் படமாக்கப்பட்டது. ஆர்.எஸ். மனோகருக்கு முதற்படமான அவ்விரண்டாம் ‘இராஜாம்பா’ளில் நடித்தவர்களுள் ஒருவர் எஸ். பாலசந்தர்.

‘அந்த நாள்’ இயக்குநர் மூன்றாண்டுகளுக்கு முன் ரங்கராஜுவின் துப்பறியும் கதையில் நடிகராக இருந்தார் என்ற இவ்வொரு செய்தியே மேற்கண்ட வாய்பாட்டைத் தகர்க்கப் போதுமானது. ஜப்பானிலிருந்து ஓர் உத்தி வந்திருக்கலாம். அதனை ஏற்கும் நிலம் இங்கே பண்பட்டிருந்தது. பாலசந்தரின் மேதைமையைப் போற்றுவோர் அவர் நடித்த முந்தைய படத்தின் மரபைக் கணக்கில் கொள்ளாது விடுவது ஆய்வு நேர்மையாகாது.

மூன்று குற்றச்சாட்டுகள்

இப்படங்களைப் புறக்கணிப்பதற்குக் காரணங்களாக மூன்று கூறப்படுகின்றன. அவை தழுவல்கள் என்பது முதலாவது. மலிவானவை என்பது இரண்டாவது. படச்சுருள்கள் கிடைக்காமையால் ஆய்வுக்கு இடமில்லை என்பது மூன்றாவது.

தழுவல் என்ற குற்றச்சாட்டு, அதனைக் கூறுவோர் மீதே திரும்பக்கூடியது. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்கினார் என்பதும், அக்காலத் துப்பறியும் நாவலாசிரியர் பலர் ஆங்கில நூல்களிலிருந்து கடன் பெற்றனர் என்பதும் உண்மை. ஆனால் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ (1891) லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையை அடியொற்றியதாகும். அதைப் பாடமாக வைத்துப் போற்றும் துறைகள், அந்நூலின் தழுவல் தன்மையை ஒரு குறையாகக் கருதுவதில்லை, கருதவும் வேண்டியதில்லை. செய்யுள் நாடகத்திற்குத் தழுவல் பெருமை, துப்பறியும் கதைக்குத் தழுவல் இழிவு என்பது எவ்வகை அளவுகோல்? கடன் பெற்றது எது என்பதைவிட, பெற்ற கடனைக் கொண்டு இங்கு எது செய்யப்பட்டது என்பதே கேட்கத்தக்க வினா. ‘சந்திரகாந்தா’ மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டைத் திரையில் காட்டியது. ‘திகம்பர சாமியார்’ வழக்கறிஞர் ஒருவரின் வஞ்சகத்தை வெளிப்படுத்தியது. புராணப் படங்கள் தொடாத மடம், சொத்து, வழக்கு, காவல்நிலையம், நீதிமன்றம் ஆகியவை இப்படங்களின் வழியே தமிழ்த் திரைக்கு வந்தன. லண்டனில் பண்டார சந்நிதிகள் இல்லை.

மலிவு என்ற குற்றச்சாட்டும் ஆராயத்தக்கது. புராணப் படத்திற்கு வேண்டிய அரண்மனை அமைப்புகளும் அணிகலன்களும் தந்திரக் காட்சிகளும் இவ்வகைப் படங்களுக்குத் தேவைப்படவில்லை. வீட்டுக் கூடமும் வக்கீல் அறையும் அன்றாட உடைகளும் போதும். ரங்கராஜுவின் நாவல்களை எம். கந்தசாமி முதலியார் ஏற்கெனவே நாடகங்களாக்கியிருந்தமையால், உரையாடல் மனப்பாடமான நடிகர் குழுவும் ஆயத்தமாகக் கிடைத்தது. எனவே செலவு குறைந்தது. செலவு குறைந்ததாலேயே சமகால வாழ்க்கை திரையேறியது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. வறுமையை இங்குக் குறையாக மட்டும் எண்ணுதல் கூடாது. அமெரிக்காவில் சிறு நிறுவனமொன்று மிகக் குறைந்த செலவில் எடுத்த ‘டீட்டூர்’ (1945) என்னும் குற்றப்படம் 1992இல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அமெரிக்கக் குற்றப்படங்களுக்கு 1946இல் ‘இருண்ட படங்கள்’ எனப் பெயரிட்டு அவற்றை ஆய்வுப் பொருளாக்க வழிவகுத்தவர் பிரெஞ்சு விமரிசகர் நீனோ ஃபிராங். அயலார் தம் மலிவுப் படங்களைக் காப்பதைப் பாராட்டிக் கட்டுரை எழுதுவோர், தம் வீட்டு மலிவுப் படங்களைக் குப்பை என்பது முரண்.

இவை குறையற்ற கலைப்படைப்புகள் என்பது இங்கு வாதமன்று. பெண்ணின் கற்பைக் காப்பதே நீதி என்னும் கருத்தியலும், சாதிப்படிநிலை பற்றிய மௌனமும் இக்கதைகளில் உண்டு. அவற்றைக் கண்டிப்பதற்கும் முதலில் அவற்றைப் படிக்க வேண்டும்.

மட்டாஞ்சேரி காட்டும் சான்று

முதல் மலையாளப் பேசும்படமாகிய ‘பாலன்’ 1938இல்தான் வெளிவந்தது. அதனைத் தயாரித்ததும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸே. பின்னர் ‘ஞானாம்பிகா’ (1940), ‘பிரகலாதா’ (1941) ஆகியவை வந்தன. அடுத்த படமான ‘நிர்மலா’ 1948இல் வந்தது. ஆக, பேசும்படம் தோன்றிய 1931 முதல் 1947 வரை மலையாளத்தில் வெளிவந்த பேசும்படங்கள் மூன்றே. கேரளத்தின் கொட்டகைகளை அக்காலத்தில் நிரப்பியவை தமிழ்ப் படங்களும் இந்திப் படங்களுமே. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் முதலிய மொழிகள் மலையாளத்தோடு கலந்து ஒலிக்கும் மட்டாஞ்சேரியில், தென்னிந்திய மொழியில் குற்றப்படம் பார்க்க விரும்பியவர்க்குத் தமிழை விட்டால் வேறு வாய்ப்பு அரிது. தமிழ்நாட்டு ஆய்வுகள் இப்பார்வையாளரைக் கணக்கில் கொள்வதே இல்லை. தமிழ்ப் படத்தின் வரலாறு தமிழ்நாட்டு எல்லையோடு முடிவதாக அவை எண்ணுகின்றன.

இவ்வூர் கற்பிக்கும் பாடம் மற்றொன்றும் உண்டு. மலையாளத்தின் தொடக்ககாலத் துப்பறியும் நாவலாகிய ‘பாஸ்கரமேனோன்’ 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த ராமவர்மா அப்பன் தம்புரான். மட்டாஞ்சேரி அரண்மனையைத் தம் இருப்பிடங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த குடும்பம் அது. மலையாள இலக்கிய வரலாறுகள் அந்நாவலுக்கு உரிய இடம் அளிக்கின்றன. ஆசிரியர் பெயரால் திருச்சூர் அய்யந்தோளில் கேரள சாகித்திய அகாதெமி நினைவகம் ஒன்றை நடத்துகிறது. பழம் இதழ்கள் அங்குப் பேணப்படுகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழில் ‘துப்பறியும் கோவிந்த’னைப் படைத்த ரங்கராஜுவுக்கு நம் இலக்கிய வரலாறுகள் ஒதுக்குவது பெரும்பாலும் ஓரிரு வரிகள், அவையும் ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லோடு முடிகின்றன. அரசகுலத்தவர் எழுதினால் இலக்கியம், சந்தைக்கு எழுதினால் குப்பை என்பதே அளவுகோலாயின், அதனை வெளிப்படையாகக் கூறிவிடலாம்.

சான்று இல்லையா?

எஞ்சியிருப்பது மூன்றாம் குற்றச்சாட்டு. 1930களின் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை அழிந்தன என்பது உண்மை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் பல சுருள்கள் உருக்கப்பட்டன. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்பட்டது 1964இல்தான். ஆனால் படம் அழிந்தால் சான்றும் அழிந்தது என்பது தேடாதார் கூற்று. நாவல்கள் உள்ளன. கொட்டகை வாசலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் உள்ளன. கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள் அவற்றில் அச்சிடப்பட்டன. அரசு ஆவணங்களும் தேடத்தக்கவை. நாட்டு விடுதலைக்கு முன் மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்திலும், அதனை ஒட்டிய கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும் இருந்தன. நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இரு ஆட்சிகள். ஆகவே கொட்டகை உரிமம் முதலியன பற்றிய பதிவுகளை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் மட்டுமன்றி எர்ணாகுளம் ஆவணக்காப்பகத்திலும் தேட வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர் இதற்குத் தேவை.

முடிவுரை

ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரைத் தமிழ்த்துறைகள் தம் முன்னோராகக் கொண்டாடுகின்றன. அவரது பெருமை அவர் கண்டெடுத்த நூல்களில் மட்டும் இல்லை. பிறர் பயனற்றது என்று பரணில் போட்டதைப் பயனுடையது எனக் கண்ட பார்வையில் இருக்கிறது. இன்றைய பரணில் கிடப்பவை பாட்டுப் புத்தகங்களும் துப்பறியும் நாவல்களின் முதற்பதிப்புகளும். அவை பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்படங்களைத் திரையில் கண்ட தலைமுறையும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆதலின் வேண்டப்படுவன மூன்று. துறை நூலகங்கள் பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்துப் பட்டியலிட வேண்டும். நாவல் வரலாற்றுப் பாடத்தில் ரங்கராஜுவும் வடுவூராரும் பனுவல்களாகவே இடம்பெற வேண்டும். தமிழ்ப் படம் பார்க்கப்பட்ட அயல் ஊர்களும் ஆய்வுக்களங்களாக வேண்டும்; அவற்றுள் மட்டாஞ்சேரி முதலில் வைக்கத்தக்கது. துப்பறியும் கோவிந்தன் கிடைத்த சிறு தடயத்தையும் ஒதுக்கியதில்லை. அவனைத் தரக்குறைவானவன் என்று ஒதுக்கிய ஆய்வுலகம் அவ்வொழுக்கத்தையேனும் அவனிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.