ஏழாவது மினுக்கம்

இயங்காத பொறியைக் கண்டவுடன் அதன் மூளையாகிய சுற்றுப்பலகையை மாற்ற விரைதல் பேதைமையாகும். சிக்காக்கோ நகரத்துப் பாலி நிறுவனத்தார் 1970களின் பிற்பகுதியில் ஆக்கிய பின்பால் விளையாட்டுப் பொறிகளை இல்லங்களிற் பேணுவோர் இதனை நன்கறிவர்.

அப்பொறியின் தலைமைப் பலகையிலே ஒளிகாலும் இருவாயி ஒன்றுண்டு. மின்சாரம் பாய்ந்ததும் பலகை தன்னைத்தானே சோதிக்கும். ஒவ்வொரு சோதனையிலும் தேறுந்தோறும் அது ஒருமுறை மினுக்கும். ஏழு மினுக்கமும் வரின் பலகை நலமுடையது. ஆறுடன் நின்றுவிடின், சுருள்களை இயக்கும் 43 உவோல்ற்று மின்சாரம் பலகையை அடைந்திலது என்பது பல வேளைகளிற் காரணமாகும். ஆங்கே எரிந்துபோன உருகி ஒன்றை மாற்றுதலே போதியதாகலாம், பலகை குற்றமற்றது.

மினுக்கமே தோன்றாவிடினும் பலகையை எறிதல் வேண்டா. அதிலுள்ள நிக்கல்-கட்மியம் மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கலாம். மின்கலத்தை அகற்றி, காரத்தை வினாகிரியால் நீக்கி, தடங்களைச் செப்பனிட்டு மீட்கப்பெற்ற பலகைகள் பல.

ஆசிரியராகிய நாமும் இம்முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். விடை கூறாத மாணவனை மூளையற்றவன் என்று ஒதுக்குகின்றோம். அவன் எத்தனையாவது மினுக்கத்தில் நின்றான் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? காலையுணவின்றி வந்தவனுக்கு வேண்டியது பிரம்பன்று.