வலிப்பு நோயைக் காரணம் காட்டி மனைவியைத் துரத்துவதா? சங்கத்தின் கண்டன அறிக்கை

எமது சங்க உறுப்பினரான இளம்பெண் ஒருவர், மணமாகி ஓராண்டு நிறைவதற்குள், ஃபிட்ஸ் வந்தது என்பதற்காகத் தாய்வீட்டுக்குத் துரத்தப்பட்டுள்ளார். "மனநோயை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள், இந்தத் திருமணம் செல்லாது" என்று கணவர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீசும் வந்திருக்கிறது. அவர் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. இந்தக் கொடுமையை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

புகுந்த வீட்டில் யார் கண்ணிலும் படாதபடி மாத்திரையை மஞ்சள்தூள் டப்பாவுக்குள் வைத்து அவர் சாப்பிட்டு வந்திருக்கிறார். விருந்தாளிகள் வந்து தங்கியதில் இரண்டு வேளை தவறிவிட்டது. மறுநாள் காலை அடுப்படியில் விழுந்தார். கொதித்த சாம்பார் கவிழ்ந்து முன்கை வெந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள், வாயில் கரண்டியைச் செருகப் பார்த்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். சாவிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

வலிப்பு, மூளையின் மின்னோட்டத்தில் அவ்வப்போது ஏற்படும் கோளாறு. அது மனநோய் அல்ல. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் பைத்தியத்தோடு வலிப்பையும் ஒரே வரியில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சொல்லை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. வலிப்பு தீராத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, அதைச் சொல்லி விவாகரத்து கேட்க முடியாது என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு வழக்கறிஞர் 'மனநோய்' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார் என்றால் அது பெண்ணை மிரட்டுவதற்குத்தான்.

மறைத்தது சரி என்று நாங்கள் வாதாட வரவில்லை. பெண் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள் என்றுதான் எங்கள் உறுப்பினர்களிடம் எப்போதும் சொல்கிறோம். சொன்ன வீடுகளில் என்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும்: வரன் கைநழுவிப் போனது, தங்கையின் சம்பந்தமும் சேர்ந்து போனது. இதே நோயுள்ள மகனுக்கு "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று பெண் தேடும் ஊர்தான் இது.

இன்னொன்றையும் கண்டிக்கிறோம். "கருவுக்கு ஆகாது, மாத்திரையை உடனே நிறுத்து" என்று உறவினர்கள் மட்டுமல்ல, மருத்துவர் ஒருவரே இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது என்பது உண்மை. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் போன்ற மாத்திரைகளுக்கு நரம்பியல் மருத்துவர் மாற்றித் தருகிறார், ஃபோலிக் அமிலமும் சேர்க்கிறார். எந்த மாத்திரையாக இருந்தாலும் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து தாயும் சேயும் உயிரிழக்க நேரிடலாம். வலிப்புள்ள பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நல்ல குழந்தையே பிறக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை.

கணவர் குடும்பம் நோட்டீசைத் திரும்பப் பெற வேண்டும். பிடித்து வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் நகைகளையும் சீர்ப் பொருட்களையும் உடனே ஒப்படைக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே வலிப்பு உண்டா என்று விசாரித்து, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும். பாதுகாப்பான மாத்திரைகள் வட்ட மருத்துவமனைகளிலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் நோய் இருக்கிறது, வலிப்பு இல்லை. அதையும் சேர்க்க ஒன்றிய அரசை வலியுறுத்துகிறோம்.

இதே நிலையில் இருக்கும் சகோதரிகளே, எவர் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டை விட்டு வெளியேற்றினால் மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

மாநிலச் செயற்குழு