டீசல் போகட்டும், தண்ணீர் யாருக்கு?

விவசாயத்திலிருந்து டீசலை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு 2019 முதல் முழங்கிவருகிறது. பிரதமரின் பெயர் தாங்கிய ‘குசும்’ திட்டத்தின் நோக்கங்களில் முதன்மையானது அதுவே. டீசல் பம்புசெட்டை அகற்றிவிட்டுச் சூரிய ஒளியிலோ மின்கம்பியிலிருந்து வரும் மின்சாரத்திலோ ஓடும் பம்பைப் பொருத்துவது நல்ல காரியம்தான். புகை குறையும், இரைச்சல் குறையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செலவு குறையும். இதில் நமக்கு மாறுபாடு கிடையாது. அந்தப் பம்பு யாருடைய பெயரில் வருகிறது என்ற இடத்தில்தான் நமது மாறுபாடு தொடங்குகிறது.

பீகாரை எடுத்துக்கொள்வோம். விவசாய இணைப்புக்கு அம்மாநிலத்தில் மானியம் போக ஒரு யூனிட் மின்சாரம் 55 பைசா. 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ நான்கரை யூனிட் ஆகும்; அதாவது இரண்டரை ரூபாய். அதே அளவுள்ள டீசல் என்ஜின் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கிறது. அதற்கு 90 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். என்ஜின் வாடகைக்கு எடுத்ததென்றால் வாடகை தனி. தோண்டினால் சில மீட்டர் ஆழத்திலேயே நீர் கிடைக்கும் கங்கைச் சமவெளி அது. ஒரே நிலத்தடி நீர், ஒரே பருவம், ஒரே கோதுமை. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் இரண்டரை ரூபாய், அந்தப் பக்கம் 90 ரூபாய்! இந்த வேறுபாட்டை உண்டாக்கியது இயற்கையல்ல.

டீசல் இந்த விலைக்கு ஏறியதும் தானாக நிகழ்ந்ததல்ல. 2013 ஜனவரியில் அன்றைய காங்கிரஸ் அரசு, மாதந்தோறும் லிட்டருக்கு 50 பைசா வரை உயர்த்திக்கொள்ள எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது. 2014 அக்டோபரில் மோடி அரசு விலைக் கட்டுப்பாட்டை அடியோடு நீக்கியது. அப்போது லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த ஒன்றிய கலால் வரி, 2020 மே மாதத்தில், நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, ஒரே நாளில் 13 ரூபாய் உயர்த்தப்பட்டு 31 ரூபாய் 83 காசை எட்டியது. பின்னர் இரு தவணைகளில் 16 ரூபாய் குறைத்ததைக் கொடை என்று கொண்டாடச் சொன்னார்கள். வரிபோட்டு டீசலை எட்டாக்கனியாக்கியவர்களே இப்போது டீசலிலிருந்து விடுதலை தருகிறோம் என்று வந்து நிற்கிறார்கள்.

சரி, விடுதலை யாருக்கு? குசும் திட்டத்தின் தனிப் பம்புக்கு ஒன்றிய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு 30 விழுக்காடும் தருகின்றன. மீதி 40 விழுக்காடு விவசாயியின் பங்கு. அதில் 30 விழுக்காட்டை வங்கிக் கடனாகப் பெறலாம். பம்பின் விலை மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால், கையிலிருந்து 30 ஆயிரம், கடன் 90 ஆயிரம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி பீகாரில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் 0.39 ஹெக்டேர், ஓர் ஏக்கர்கூட முழுதாக இல்லை. அந்த நிலத்துக்கு உரியவருக்கே இது பெரும் பாரம். நிலம் தன் பெயரில் இல்லாதவரோ வங்கியின் வாசலையே மிதிக்க முடியாது.

அரசின் விளம்பரங்களை மொழிபெயர்ப்பவர்களுக்குத் தெரியும், ‘அன்னதாதா’வை ‘ஊர்ஜாதாதா’ ஆக்குவோம் என்பது இத்திட்டத்தின் முழக்கம். சோறளிப்பவர் இனி ஆற்றலும் அளிப்பாராம். (தமிழில் ‘தாதா’ என்றால் பேட்டை ரவுடி என்பதால் இதை அப்படியே எழுத்துப்பெயர்க்க இயலாது, அது ஒரு வகையில் நம் மொழியின் நற்பேறு.) ஆனால் முழக்கத்தைவிடச் சிக்கலான சொல் ‘கிசான்’. அதை நாம் ‘உழவர்’ என்று எழுதுகிறோம். உழவர் என்றால் உழுபவர். அரசின் படிவத்தில் கிசான் என்றால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயருள்ளவர். பாட்னாவிலோ தில்லியிலோ குடியிருந்துகொண்டு நிலத்தை வாரத்துக்கு விட்டிருப்பவர் கிசான். அதே நிலத்தில் சேற்றில் நிற்கும் ‘பட்டாய்தார்’ யாருமில்லை. வாய்மொழி ஒப்பந்தம்தான் அவருக்கு உள்ள ஆவணம். மின் இணைப்புக்கும் பம்புக்கும் மானியத்துக்கும் அது செல்லாது.

இதைச் சரிசெய்ய வழி காட்டப்படாமல் இல்லை. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு 1978-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ வாரதாரர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. அதில் முக்கியப் பங்காற்றிய அதிகாரி டி. பந்தோபாத்யாய தலைமையில்தான் 2006-இல் நிதீஷ்குமார் அரசு நிலச் சீர்திருத்த ஆணையம் அமைத்தது. வாரதாரரைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது. நிலவுடைமையாளர்கள் முணுமுணுத்தவுடன் அறிக்கை பரணுக்குப் போனது. சுவாமி சகஜானந்தர் 1929-இல் கிசான் சபையைக் கட்டிய மண்ணில் உழுபவரின் பெயர் இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அன்று அந்த அறிக்கை நிறைவேறியிருந்தால் இன்று பம்பும் அவர் பெயரிலேயே வந்திருக்கும்.

டீசல் என்ஜினைப் பற்றிப் பேசும் நிபுணர்கள் பார்க்கத் தவறுவது இன்னொன்று உண்டு. வடமாநிலக் கிராமங்களில் அந்த என்ஜின் ஒரே வேலை செய்வதில்லை. பாசனக் காலத்தில் நீர் இறைக்கும். அறுவடையில் கதிரடிக்கும் எந்திரத்தை ஓட்டும். பிறகு மரச்சட்டத்தில் ஏறி நான்கு சக்கரம் பூட்டிக்கொண்டு ‘ஜுகாட்’ என்ற பெயரில் லாரியாகிச் செங்கலும் தானியமும் ஆளும் சுமக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிகளுக்கு உட்படாமல் ஓடுவது அது. அதில் ஆபத்தும் மிகுதி. ஆனால் உண்மையான லாரிக்கு வாடகை தர இயலாதவரின் லாரி அதுதான். நீர் இறைக்கும்போதும் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. மூன்று திசையில் சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். சூரியப் பலகை நட்ட இடத்தில் நிற்கும். அந்த இடம் நில உடைமையாளருடையது.

பம்பு உடைமையாளருக்கு இனி நீர் இறைக்கச் செலவே இல்லை, ஆகவே குறைந்த விலைக்கு விற்பார் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் எழுதுகிறார்கள். ஓர் ஊரில் பத்துப் பேரிடம் பம்பு இருந்து போட்டி நிலவினால் விலை இறங்கக்கூடும். அதை மறுக்கத் தேவையில்லை. ஒருவரிடமே இருந்தால்? அவரே நிலத்தையும் வாரத்துக்கு விட்டவராக இருந்தால்? நீரின் விலையை அடக்கச் செலவு தீர்மானிக்காது, வாங்குபவரின் கதியின்மை தீர்மானிக்கும். டீசல் என்ஜினை வாடகைக்கு எடுத்து வேறு போர்வெல்லில் பொருத்தும் வாய்ப்பாவது இதுவரை வாரதாரருக்கு இருந்தது. அதையும் எடுத்துவிட்டுப் பொது மானியத்தில் ஒரு புதிய நீர் முதலாளியை உருவாக்குவதற்குப் பசுமை என்று பெயரிட முடியாது.

மின்கம்பி வழியாக வரும் பம்புக்கும் நிம்மதியில்லை. 55 பைசா என்பது மாநில அரசு போடும் மானியத்தால் கிடைக்கும் விலை. 2020-இன் மின்சாரத் திருத்த மசோதா வரைவு, முழுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மானியத்தை வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள் என்றது. தில்லி எல்லையில் ஓராண்டு நின்ற விவசாயிகளிடம், கலந்து பேசாமல் மசோதாவைக் கொண்டுவர மாட்டோம் என்று 2021 டிசம்பரில் எழுத்து மூலம் உறுதி கொடுத்த அரசு, 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகம் செய்தது. 2025 அக்டோபரில் வெளியான புதிய வரைவோ அடக்கச் செலவுக்கு ஈடான கட்டணத்தை வலியுறுத்துகிறது; ஆலைகள் தரும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் ஒழிக்கச் சொல்கிறது. டீசலைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறிய பிறகு கட்டணம் ஏறினால் விவசாயி எங்கே போவார்? 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் உயிர்கொடுத்தவர்களையும், அதற்கு இருபதாண்டு கழித்தே வந்த இலவச மின்சாரத்தையும் அறிந்த தமிழக வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பீகாரில் அரசு ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன; பெரும்பகுதி பழுதடைந்தும் இயக்க ஆளின்றியும் கிடக்கின்றன. குழாயும் நிலமும் ஏற்கெனவே பொதுச் சொத்து. தனியார் வயலில் பலகை நடும் மானியத்தை முதலில் அங்கே செலவிட்டு, மோட்டாரைச் சரிசெய்து, ஆப்பரேட்டருக்கு ஒழுங்கான ஊதியம் தந்தால் வாரதாரரும் கூலிக்குப் பயிரிடும் பெண்களும் ஒரே கட்டணத்தில் நீர் பெறலாம். பாசனக் குழுக்களுக்கும் பம்பு தரலாம் என்று குசும் விதிகளே சொல்கின்றன. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பங்களைக் குவிக்க வேண்டும். நில ஆவணம் இல்லாதவருக்கு ஊராட்சியின் சாகுபடிச் சான்றே போதும் என்ற ஆணையைக் கேட்க வேண்டும். தமிழகத் தோழர்களும் தங்கள் ஒன்றியத்தில் குத்தகை விவசாயிகளின் பெயரில் எத்தனை மின் இணைப்புகள் உள்ளன என்று கணக்கெடுத்துப் பார்க்கலாம்.