முதல்ல சுவர்க்கோழி, அப்புறம் கெக்கோ

நாமக்கல் பக்கம் படிச்சுக்கிட்டு கோழியைப் பத்தி எழுதலைன்னா எப்படி? ஆனா இது சுவர்க்கோழி. ராத்திரி பாத்ரூம் மூலையில உட்கார்ந்து கிர்ர்ர்னு கத்தி நம்ம தூக்கத்தைக் கெடுக்குமே, அதேதான்.

என் நண்பன் ஒருத்தன், ராசிபுரம் பக்கத்துல இருந்து தினமும் பஸ்ல வர்றவன், ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கினான். சாப்பாட்டுக்குச் செலவே இல்லைன்னு பெருமை வேற. வாசல் டியூப்லைட் கீழே விழுற ஈசலும் பூச்சியும்தான் தினசரி மெனு. ஆறு மாசத்துல அதோட பின்னங்கால் நடுங்க ஆரம்பிச்சுது. டாக்டர் தொட்டுப் பார்த்தப்போ தாடை எலும்பே ரப்பர் மாதிரி வளைஞ்சுதாம். கால்சியம் பத்தலை. உயிர் பிழைச்சுது, வளைஞ்ச கால் மட்டும் நேராகலை.

காரணம் ரொம்ப சிம்பிள். பெரும்பாலான பூச்சிகள்ல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஈடுகட்ட கால்சியம் கிடைக்காட்டி கெக்கோவோட உடம்பு தன் எலும்பையே கரைச்சு எடுத்துக்கும்.

இது பாதிக் கதைதான். அந்த டியூப்லைட் பூச்சி எங்கிருந்து பறந்து வந்துச்சு? சுத்தி மக்காச்சோளக் காடு. 2018ல இந்தியாவுக்குள்ள படைப்புழு வந்ததுல இருந்து மருந்தடிக்காம மக்காச்சோளம் எடுக்கிறதே கஷ்டம். விவசாயியைக் குறை சொல்லலைங்க. மருந்து பட்டு, சாகாம தப்பிச்ச பூச்சி உங்க பெட்டிக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்றேன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ன பாறுக் கழுகுகளைக் கொன்ன கதை நமக்குத் தெரியும்தானே? 2006ல கால்நடைக்கு அதைத் தடையே பண்ணினாங்க. இங்கேயும் அதே சங்கிலிதான், அளவு சின்னது.

"கோழிப் பண்ணையில புழு ஃப்ரீயா கிடைக்குமே மச்சி"ன்னு கேட்கறவங்களுக்கு: வேண்டவே வேண்டாம். ஈயைக் கட்டுப்படுத்த சைரோமசைன் மாதிரி மருந்தைத் தீவனத்துலயே கலக்கறது உண்டு. அது எச்சத்துல இறங்கி ஈப்புழுவை வளரவிடாம பண்ணும். சால்மோனெல்லா பயம் தனி.

அதனால என் கட்சி இதுதான்: சுவர்க்கோழி வளர்க்க முடியாதவங்க கெக்கோ வாங்காதீங்க. வளர்க்க நம்ம ஊரை விடத் தோதான இடமும் கிடையாது. மூடியில வலை வச்ச பிளாஸ்டிக் டப்பா. ஒளிஞ்சுக்க முட்டை அட்டை. நாமக்கல்ல அதுக்கா பஞ்சம்? தண்ணிக்கு நனைச்ச பஞ்சு போதும், கிண்ணத்துல ஊத்தினா குஞ்செல்லாம் மூழ்கிடும். முட்டையிட ஈரத் தேங்காய்நார்த் தூள். 30 டிகிரி சூட்டுல சுமார் ரெண்டு வாரத்துல பொரிஞ்சிடும். சேலம் வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது. முதல் ஜோடிகளை வளர்க்கிறவங்க கிட்ட வாங்குங்க, தோட்டத்துல பிடிக்காதீங்க.

கெக்கோவுக்குப் போடுறதுக்கு முந்தின நாள் சுவர்க்கோழிக்கு முருங்கைக் கீரை, கேரட்னு வயிறு நிறையக் கொடுங்க. அதோட வயித்துல இருக்கிறதும் சேர்ந்துதானே கெக்கோவுக்குப் போகுது! அப்புறம் கால்சியம் பொடியில புரட்டிப் போடுங்க. முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட். கொதிக்க வச்சு, காயவச்சு, மைதா மாதிரி அரைச்சா அதுவே பொடி. ஆனா அதுல வைட்டமின் டி3 கிடையாது. வெயில்ல வராத ஜீவனுக்கு அது தனியா வேணும், அளவை டாக்டர் கிட்ட கேளுங்க.

பூச்சியோட அகலம் கெக்கோவோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைத் தாண்டக்கூடாது. தின்னாம விட்டதை எடுத்துடுங்க. ராத்திரி பசியெடுத்தா சுவர்க்கோழி கெக்கோவைக் கடிக்கும், நிஜமா. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு மெஸ்ஸுக்குப் போங்க.

வாங்க நினைக்கிறவங்க வர்ற லீவுல ரெண்டு மாசம் சுவர்க்கோழியை மட்டும் வளர்த்துப் பாருங்க. கத்துறது ஆண் மட்டும்தான், ஆனா இருபது ஆண் சேர்ந்து கத்தினா வீட்ல அம்மா என்ன சொல்வாங்கன்னு அப்பவே தெரிஞ்சிடும்.